மஞ்சள் தவிர மற்ற நிறங்கள்

அரண்மனையில் பதக்கம் வாங்க வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக வேலை பார்த்தவள் நான். எங்கள் பக்கத்தில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எவ்வளவு ரத்தத்தைப் பார்த்தாலும் நடுங்காத கை, முத்திரை குத்திய கவரைப் பார்த்தால் நடுங்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டுக்கு முத்திரையோடு வந்த காகிதம் எதுவும் நல்லது சொன்னதில்லை. ஒன்று, வீட்டைக் காலி பண்ணச் சொல்லும். இல்லையென்றால், அக்காவின் விண்ணப்பம் இந்த முறையும் ஏற்கப்படவில்லை என்று சொல்லும்.

அக்கா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் நான் பயந்ததைச் சொன்னால் பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். ஈப்போவுக்கு வெளியே, சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்து வரிசையில், ஒரே வீட்டில்தான் இரண்டு பேரும் பிறந்தோம். நான் பிறந்தபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணி ஒரு நல்ல மனுஷர், அவரே போய்ப் பதிந்துவிட்டார். அக்கா பிறந்தபோது யாரும் பதியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அடையாள அட்டையை இங்கே ஐசி என்போம்; என்னிடம் இருப்பது நீல ஐசி, அக்காவிடம் இருப்பது சிவப்பு ஐசி. நான் குடிமகள், அவள் இந்த நாட்டிலேயே பிறந்து இங்கேயே தங்கியிருக்க அனுமதி பெற்றவள். பதிமூன்று வயதில் மரம் சீவப் போய், என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியவள் அவள்தான். மூன்று முறை குடியுரிமைக்கு எழுதிப்போட்டாள், மூன்று முறையும் இல்லை என்று வந்தது. நாலாவது விண்ணப்பம் உள்ளே இருந்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள், காத்திருங்கள் என்று கவுன்டரில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அரண்மனைக் கடிதம் வந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவைத் தவிர வேறு யாரை அழைத்துப் போவேன்? நன்றிக்கடன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், அது பொய்யும் இல்லை. ஆனால் உள்ளுக்குள் இன்னொரு யோசனையும் ஓடியது. அரண்மனை வாசலில் அக்கா நிற்கிற ஒரு ஃபோட்டோவை அவளுடைய விண்ணப்ப ஃபைலில் சேர்த்துவிட்டால் நல்லதுதானே என்று. படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று கேட்பீர்கள். நினைத்தேன்.

ஃபோட்டோ நல்லது செய்யும் என்றால் ஒரு தப்பு கெட்டதும் செய்யுமே என்பது அன்று இரவே உறைத்தது. துணைக்கு வருபவரின் ஐசி எண்ணை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அக்காவின் எண் இப்போது அவர்கள் கையில். அவள் அங்கே ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால், அந்த எண்ணுக்கு நேராக யாராவது ஏதாவது குறித்துக்கொள்வார்கள் என்று என் மனசு தானாகக் கதை கட்ட ஆரம்பித்துவிட்டது.

கடிதத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க உடையைப் பற்றித்தான். ஆண்களுக்கு என்ன, பெண்களுக்கு என்ன, காலணி எப்படி, கைப்பை எவ்வளவு பெரிசு என்றெல்லாம் இருந்தது. மலாய்ப் பெண்கள் போடுகிற பாஜு கூரோங் போடலாம், சேலை கட்டலாம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், மஞ்சள் தவிர மற்ற நிறங்கள்.

மஞ்சள் அரசருக்கு உரிய நிறம் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறேன். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சாதாரண ஜனங்கள் மஞ்சள் உடுத்தக்கூடாது, உடுத்தினால் உயிர் போகும். அந்த வரியை ஆசிரியர் சத்தமாக வாசித்தபோது நான் பயந்துபோய் என் பென்சில் டப்பாவைப் பார்த்தேன், அது மஞ்சள். வார்டில் என்னோடு வேலை பார்த்த சீனத்தி ஒருத்தியிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, “எங்க சீனாவுலயும் அதே கதைதான் லா மிஸ்ஸி. ராஜா கலரை வேற ஆளு போட்டா தலையே இருக்காது,” என்று கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினாள். தமிழர்கள் நிறைந்த புந்தோங்கில் வளர்ந்தவள், அவள் பேசுகிற தமிழ் என் தமிழைவிடத் துடியானது.

அதெல்லாம் பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. கோலாலம்பூரில் ஊர்வலம் போனவர்களின் மஞ்சள் டி-சட்டைக்கே தடை வந்ததை நாங்கள் டிவியில் பார்த்தவர்கள்தானே. தைப்பூசத்துக்கு அதே மஞ்சளைக் கட்டிக்கொண்டு ஈப்போ ரோடு நிறையப் பால்குடம் எடுக்கிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. யார், எங்கே, யார் முன்னால் உடுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. துரை வருகிற பாதையில் அப்பா குடையை மடக்கிவிடுவார், மழை பெய்தாலும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கோட்டு போட கங்காணிக்கு மட்டும்தான் உரிமை. இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. எழுதாத சட்டத்துக்கே அப்படி நடந்தவரின் மகள் நான், இங்கே தடித்த எழுத்தில் வேறு எழுதியிருந்தார்கள்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு அவளுக்குச் சேலை தேடப் போனதில் தொடங்கியது என் கூத்து. பட்டுச் சேலை என்றால் ஜரிகை இருக்கும். ஜரிகை பொன்னிறமா, மஞ்சளா? புந்தோங் கடையில் ஒவ்வொரு சேலையாக எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். உள்ளே பொன்னாகத் தெரிந்தது வெளியே மஞ்சளாகத் தெரிந்தது. கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

“மிஸ்ஸி, தங்கமும் மஞ்சளாதான் இருக்கு. அதையும் கழட்டி வச்சிட்டுப் போவீங்களா?”

அக்கா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். கடைசியில் வெள்ளி ஜரிகை போட்ட இளம் ஊதாச் சேலை ஒன்று கிடைத்தது. எனக்குக் கரும்பச்சை பாஜு கூரோங். வீட்டுக்கு வந்து சேலையை மூன்று விளக்குகளுக்குக் கீழே வைத்து ஃபோட்டோ எடுத்துப் பார்த்தேன்.

அப்போதும் அடங்கவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் ரொம்ப மரியாதையான மனுஷர். வெள்ளி ஜரிகை பரவாயில்லை, தங்க நகை பரவாயில்லை, உடுப்பு மஞ்சளாக இல்லாமல் இருந்தால் போதும் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். வேறு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது. இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் கேட்காமல் விட்டது அக்காவின் தாலிக்கயிற்றைப் பற்றி.

முன்பு அவளும் தங்கச் சங்கிலியில்தான் போட்டிருந்தாள். ஒரு நாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது மோட்டாரில் வந்த இரண்டு பேர் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் ரத்தக்கோடு. தாலி மட்டும் தரையில் விழுந்து கிடைத்தது. அதற்குப் பிறகு மஞ்சள் கயிறுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைக்குக் குளித்துவிட்டு, மஞ்சளை உரசிக் கயிறு முழுக்கப் பூசுவாள். அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் ஆன பிறகு அந்தப் பூச்சு இன்னும் தடிமனாகிவிட்டது. ஜெலாப்பாங் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷர் இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறார். அவர் உயிரோடு இருப்பது டாக்டரால் பாதி, இந்தக் கயிற்றால் பாதி என்பது அக்காவின் கணக்கு.

இதை நான் ஏன் ஃபோனில் கேட்கவில்லை? கேட்டால், அப்படி ஒரு ஆள் வருகிறாளா, யார் அது, என்ன எண் என்று குறித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். கேட்டிருந்தால் அந்த மரியாதையான மனுஷர் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். இப்போது தெரிகிறது.

விழா சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் பூசிவிட்டாள். காலையில் காரை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஊதாச் சேலையில் அக்கா படியிறங்கி வந்தாள், அப்படி ஓர் அழகு. கழுத்தில் பச்சை மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

“அக்கா, கயித்தை ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்கோயேன்.”

“ஏன், என்னா?”

“சும்மா லா. அங்க மஞ்சள் ஆகாது.”

அவள் உள்ளே தள்ளிக்கொண்டாள். அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பெரிய எடத்துக்குப் போறீங்க, பாத்து,” என்றார். நெடுஞ்சாலையில் ஏறினோம்.

அந்தக் காலை வெயில் சரியான வெயில். என் பழைய காரில் ஏர்கான் பேருக்குத்தான். நெடுஞ்சாலையின் மெனோரா மலைக்குகைப் பாதையைத் தாண்டுகிறபோது அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். வியர்வையில் நேற்றுப் பூசிய மஞ்சள் கரைந்து, இளம் ஊதா ஜாக்கெட்டின் கழுத்து விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. வெளியே இருந்தபோது அது கயிறு. இப்போது உடுப்பே மஞ்சளாகிவிட்டது. உடுப்பு மஞ்சளாக இருக்கக்கூடாது என்று அந்த மனுஷர் சொன்னது காதில் கேட்டது. வண்டியை எப்படி அரண்மனை இருக்கிற கோலகங்சார் வரை ஓட்டினேன் என்று தெரியாது.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி அவளைக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஈரத்தாளால் துடைத்தேன், அகலமாகப் பரவியது. அங்கே இருந்த கைகழுவும் சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் சிவந்துவிட்டது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எந்தத் தமிழச்சிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பயத்தில் மூளை எங்கே வேலை செய்தது? கண்ணாடியில் பார்த்தால், அக்காவின் கழுத்தைச் சுற்றி அறுபட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு. சங்கிலி அறுத்த நாள் ஞாபகம் இரண்டு பேருக்கும் வந்தது.

தண்ணீர் விட்டு அலசினேன், சிவப்பு மங்கி மறுபடியும் மஞ்சள் எட்டிப் பார்த்தது. கயிறு ஈரமாகத் தொட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் இது நிற்காது என்று தெரிந்தது. முந்தானையால் கழுத்தைச் சுற்றி மூடிவிடலாம், ஆனால் அதுவும் நனையும். மணி ஆகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் வாயில் அந்தக் குரல் வந்தது.

வார்டில் ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனையோ பெண்களின் தாலியைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. சிலர் அழுவார்கள், சிலர் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே கழற்றுவார்கள், சிலர் கையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டு தாலியைக் கொடுப்பார்கள். அதற்கென்று ஒரு குரல் எனக்கு உண்டு. கோபமும் இருக்காது, இரக்கமும் இருக்காது, மறுக்க இடம் கொடுக்காது.

“கழட்டுங்க. ஒண்ணும் ஆகாது. ரெண்டு மணி நேரம்தான்.”

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “என்னா பாப்பா, என்கிட்ட நோயாளிகிட்ட பேசுற மாதிரி பேசுற?”

“உன் பேப்பர் உள்ள இருக்குக்கா. உன் நம்பரை அவங்ககிட்ட குடுத்திருக்கேன். இன்னிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எல்லாம் போச்சு. நாலாவது வாட்டி. அஞ்சாவது வாட்டி போட உனக்கு வயசு இருக்கா?”

அது நான் சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. வயதைச் சொன்னதும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். “ஒனக்குத் தெரியாது பாப்பா,” என்று மட்டும் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலைவழியாகக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து மடித்து, கண்ணில் ஒற்றிக் கைப்பையில் போட்டாள். சங்கிலியிலும் கயிற்றிலுமாக அந்தத் தாலி நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கழுத்தில் கிடந்தது. தோலில் அதன் தடம் வெளுப்பாகத் தெரிந்தது. நான் முந்தானையை எடுத்து அந்தத் தடத்தை மூடி, தோளில் ஊக்குக் குத்தினேன். குத்த இரண்டு தடவை தவறியது.

அரண்மனை நுழைவாயிலில் பெண்களுக்குத் தனி வரிசை. ஐசியை வாங்கிப் பார்த்தார்கள். அக்காவின் சிவப்பு அட்டையை நீட்டிய கையோடு நான் நின்றேன். பட்டியலில் எண்ணைச் சரிபார்த்து, ஒரு கோடு போட்டு, சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது கைப்பைச் சோதனை. சின்ன வயதுப் போலீஸ்காரப் பெண் ஒருத்தி, மலாய்க்காரப் பெண். கைக்குட்டையைப் பிரித்ததும் நின்றாள்.

அக்காவை மச்சிக் என்று கூப்பிட்டாள். நம் சித்தி, பெரியம்மா மாதிரி மலாயில் மரியாதையாகச் சொல்வது. “மச்சிக், இது தாலிதானே? ஏன் போட்டுக்கொள்ளவில்லை?” என்று மலாயில் கேட்டாள்.

நான் முந்திக்கொண்டு, மஞ்சளாக இருக்கிறது, அதனால்தான் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனாள். “அது உடுப்புக்குத்தான். இது உங்கள் சமயம். போட்டுக்கொள்ளுங்கள் மச்சிக், ஒன்றும் பிரச்சினை இல்லை.” என்னிடம் இல்லை, அக்காவிடம்தான் சொன்னாள். தாலியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டவும் செய்தாள்.

அக்கா அதை வாங்கினாள். மறுபடியும் கைக்குட்டையில் மடித்தாள். “வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன்,” என்று அவளுக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்.

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற தமிழ் அம்மா ஒருவர் திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் கழுத்திலும் மஞ்சள் கயிறு கிடந்தது, வெளியே, எல்லோரும் பார்க்கும்படி. பக்கத்தில் அவர் மகள் தலைவாரிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா காலையில் எழுந்து, குளித்து, கயிற்றைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாகக் கிளம்பி வந்திருக்கிறார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

மண்டபத்துக்குள் எங்கே பார்த்தாலும் மஞ்சள். மேடைத் திரை, இருக்கைத் துணி, குடை எல்லாம் மஞ்சள். நாங்கள் நூற்றுக்கணக்கானவர்கள், ஒரு புள்ளி மஞ்சள் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒன்று புரிந்தது. ஒரு நிறத்தை ஒருவருக்கென்று ஒதுக்கிவிட்டால் போதும், அதைக் காவல் காக்க ஆள் வைக்கத் தேவையே இல்லை. என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். சொன்னதற்கு மேல் நாலு மடங்கு நாங்களே சேர்த்துக்கொண்டு, எங்கள் வீட்டு அலமாரியை நாங்களே சோதனை போடுவோம். இது தெரிந்தும் பயம் குறையவில்லை, அடுத்து என் பெயர் வந்துவிட்டது.

பதக்கம் வாங்கியது சரியாக ஞாபகம் இல்லை. குனிந்தது, வாங்கியது, முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வந்தது, இவ்வளவுதான். பின்னால் நடக்கிறபோதும் என் கண் கூட்டத்தில் அக்காவின் கழுத்தைத் தேடியது. முந்தானை அவிழ்ந்திருக்கக்கூடாதே என்று. வெளியே ஃபோட்டோ எடுத்தார்கள். அதில் அக்கா சிரிக்கிறாள். கை மட்டும் கைப்பையை நெஞ்சோடு அணைத்திருக்கிறது.

காரில் ஏறியதும், “இப்ப போட்டுக்கோக்கா,” என்றேன்.

“நானே கழட்டி நானே மாட்டிக்கறதா? சட்டை பட்டனா இது?” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அவரு போடட்டும். போன் போடு அவருக்கு.”

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அத்தான் வீட்டில்தான் இருப்பார், கையெட்டும் தூரத்தில் ஃபோன் இருக்கும், நெஞ்சுவலிக்குப் பிறகு அது அக்காவின் கட்டளை. மூன்றாவது முறையும் எடுக்காதபோது அக்கா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மலைக்குகைக்குள் சிக்னல் போனது. அந்த இருட்டில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ நோயாளிகளிடம் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொன்ன அதே வார்த்தைகளை எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் படித்தவள். கயிற்றைக் கழற்றினால் இதயம் நிற்காது என்று எனக்குத் தெரியும். வேகமானியைப் பார்த்தபோது முள் நான் ஒருநாளும் போகாத எண்ணில் இருந்தது.

வீட்டுக் கேட் திறந்து கிடந்தது. அக்கா கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஃபோன் சோபாவில் கிடந்தது, ஆள் இல்லை. “என்னாங்க, என்னாங்க,” என்று அவள் கூப்பிட்ட குரலை நான் எந்த வார்டிலும் கேட்டதில்லை. கேட்டிருப்பேன், ஆனால் அப்போதெல்லாம் அது என் அக்கா இல்லை.

அத்தான் பின்பக்கத்திலிருந்து வந்தார், கையில் பிளாஸ்டிக் பையில் தாப்பாவ் பண்ணி, அதாவது கட்டி வாங்கி வந்த மீஹூன், அரிசிச் சேமியா. “கடைக்குப் போயிருந்தேன் லா. நீங்க பசியோட வருவீங்கன்னு...” என்று ஆரம்பித்தவர், அக்காவின் கழுத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். பையைக் கீழே வைத்தார். அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து கைகால் கழுவிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் அக்காவை நிற்க வைத்து, கயிற்றைத் தலைவழியாகப் போட்டுவிட்டார். “கல்யாணத்துல கூட இப்படிக் கை நடுங்கலை,” என்று சிரிக்கப் பார்த்தார். என்னோடு அவர் அன்று அதற்குமேல் பேசவில்லை. மீஹூனை மூன்று தட்டில் வைத்தோம், யாரும் முடிக்கவில்லை.

ஜாக்கெட்டில் இருந்த கறையை அக்கா துவைத்து வெயிலில் போட்டாள். இரண்டு வெயிலில் போய்விட்டது. என் பதக்கம் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன், அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து.

சில மாதம் கழித்து அவளுக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்று காலையில் நான்தான் அழைத்துப் போகப் போனேன். பேப்பர்களை எல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். மலாயில் கேட்கக்கூடிய கேள்விகளை அத்தான் அவளுக்கு நாளெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார், அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அக்கா தலைவாரி, பொட்டு வைத்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

“பாப்பா.”

“என்னாக்கா?”

“இன்னிக்கும் இதைக் கழட்டிட்டு வரணுமா?”

கோபமாகக் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டு கையும் கயிற்றில் இருந்தன, மேஜைமேல் ஒரு கைக்குட்டை மடித்துத் தயாராக வைக்கப்பட்டிருந்தது. வாசலில் அத்தான் அசையாமல் நின்றார்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஃபைலைத் திறந்து, அந்தக் கடிதத்தை வெளியே எடுத்து, பின்பக்கத்தையும் திருப்பி ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் சொன்னேன். அதுவரைக்கும் அக்கா கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.